டிரெய்லரின் முகம் எந்தப் பக்கம்

"சேலத்தைத் தாண்டி நாலு தடவ ரயில்ல போயிருப்பியா நீயி? நீ அமெரிக்கா ரயிலச் செய்யப் போறியா? அதுவும் உங்கப்பன் பொறக்கறதுக்கு முன்னாடி ஓடுன ரயில?"

சங்ககிரியில் லாரிகளுக்கு பாடி கட்டும் பட்டறையின் முதலாளி கேட்ட கேள்வி இது. நான் அவரிடம்தான் வேலை பார்க்கிறேன். இரண்டு வாரம் லீவு கேட்டு நின்றிருந்தேன். லீவு கிடைத்தது. "திரும்பி வந்து பாரு, அந்தக் கம்ப்யூட்டர்ல வேற ஆளு உக்காந்திருப்பான்" என்ற வார்த்தையும் கூடவே கிடைத்தது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். அப்பா கையெழுத்துப் போடப் பழகியது லாரி ஓட்டும் லைசென்சுக்காக. நான் மெக்கானிக்கல் படித்து, லாரி பாடிகளுக்கு வரைபடம் போடுகிறேன். மாலையில் வீட்டில் அதே லாரிகளை உள்ளங்கை நீளத்துக்குச் செய்வேன். பொம்மை என்று சொல்பவர்களோடு நான் பேசுவதில்லை. எண்பத்தேழில் ஒரு பங்கு என்றால் எல்லாமே எண்பத்தேழில் ஒரு பங்குதான், போல்ட் தலை உட்பட.

ஒரு காலத்தில் அமெரிக்காவில், சாலையில் ஓடும் டிரெய்லர்களைத் தட்டையான ரயில் வேகன்களின் முதுகில் ஏற்றி அனுப்பினார்கள். இழுக்கும் லாரி கூடவே போகாது, ஏற்றிவிட்டுக் கழன்றுகொள்ளும். தூக்கி வைக்கும் கிரேன்கள் வராத ஆரம்ப நாட்கள் அவை. தண்டவாளம் முடியும் இடத்தில் ஒரு சாய்தளம் இருக்கும். வேகனுக்கும் வேகனுக்கும் நடுவே இரும்புத் தகடு போட்டு, முதல் வேகனின் மேலாகவே கடைசி வேகன்வரை டிரெய்லரைக் கொண்டு போவார்கள். சிட்னியில் ஒரு மாதிரி ரயில் சங்கம் அப்படிப்பட்ட சரக்கு முற்றம் ஒன்றைச் சிறு அளவில் கட்டிக்கொண்டிருக்கிறது. இணையத்தில் நான் போட்டிருந்த ஒரு டிரெய்லரின் படத்தைப் பார்த்து, சங்கத்தை நடத்தும் ஹெலன் எனக்கு எழுதினார். ஐந்து வேகன்களோடு ஒரு காட்சியைச் செய்து நேரில் கொண்டுவர வேண்டும். துல்லியமாக இருந்தால் முற்றம் முழுவதற்கும் நான்தான் செய்வேன், ஓராண்டு வேலை. இங்கிலாந்துக்காரர் ஒருவரும் மாதிரி அனுப்பியிருக்கிறார் என்பதையும் மறைக்காமல் எழுதியிருந்தார். நான் முடித்ததும் படங்கள் அனுப்பினேன். 'அருமை, இப்படியே கொண்டுவா' என்று பதில் வந்தது.

இப்படியே கொண்டுபோய்ச் சேர்ப்பது ஒன்றுதான் என் கவலை என்று நினைத்துக்கொண்டு விமானம் ஏறினேன்.

டிக்கெட் மலிவு என்று சிட்னிக்கு நேராகப் போகாமல் மெல்போர்னில் இறங்கினேன்; முதல் சோதனை அந்த விமான நிலையத்திலேயே வந்தது. வேகன்களின் தளத்துக்கு நிஜ மரச் சீவல்களை ஒட்டியிருந்தேன். மரம் இருக்கிறது என்று, விமானத்தில் கொடுத்த சுங்க அட்டையில் நானே குறித்திருந்ததால் தனி வரிசைக்கு அனுப்பினார்கள். கையுறை போட்ட அதிகாரி ஒருத்தி பெட்டியைத் திறந்தாள். பஞ்சு, துணி, அதற்குக் கீழே டிரெய்லர்கள், டிரெய்லர்களைச் சுற்றிலும் காய்ந்த வேப்பிலை.

பூச்சி வராமல் இருக்க அம்மா வைத்திருக்கிறாள். அரிசி டின்னுக்குப் போடுவது போலவே போட்டிருக்கிறாள். இலையைக் குறிக்கவில்லையே என்றாள் அதிகாரி. எனக்குத் தெரியாது, அம்மா வைத்தது என்றேன். இந்த வரிசையில் நிற்பவர்களில் பாதிப்பேர் அம்மாவைத்தான் சொல்கிறார்கள் என்று அவள் பக்கத்து மேசைக்காரனிடம் சொன்னாள். பிறகு இடுக்கியால் இலைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஒரு பையில் போட்டாள். மரத்தளத்தை விளக்கின் கீழ் பிடித்துப் பார்த்தாள். அவள் விரல் சங்கிலியில் பட்டுவிடுமோ என்று நான் மேசை மேல் குனிந்தே நின்றேன். ஏற்றி முடித்த ஒவ்வொரு டிரெய்லரும் நான்கு சங்கிலிகளால் வேகனோடு கட்டப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு சங்கிலியும் தலைமுடியைவிடக் கொஞ்சம்தான் பருமன்.

"பார்த்துக் கொண்டுபோ" என்று மூடிக் கொடுத்தாள். இலை போனது, மரம் பிழைத்தது.

மெல்போர்னில், நோபல் பார்க் என்ற பகுதியில் தங்க ஏற்பாடாகியிருந்தது. முன்பு அங்கே வாடகைக்கு இருந்த என் கல்லூரித் தோழி சொல்லிவைத்த வீடு. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பல காலமாக அங்கே இருக்கும் குகன் அங்கிளும் ராஜி அன்ரியும் வீட்டுக்காரர்கள். வாசலில் என்னைவிடப் பெட்டியைத்தான் முதலில் பார்த்தார் அன்ரி.

"உதுக்குள்ள என்ன பிள்ளை, நகையோ? நெஞ்சோட கட்டிப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறீர்."

"ரயிலுங்க அன்ரி."

"ரயிலோ?" அவர் உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார். "இஞ்சருங்கோ, பிள்ளை ரயிலோட வந்திருக்குது. எங்க விடுறது?"

"கராஜில இடமில்லையப்பா" என்று உள்ளிருந்து பதில் வந்தது.

புட்டும், தேங்காய்ப்பால் குழம்பான சொதியும் கிடைத்தன. எங்கள் ஊரில் புட்டு என்றால் சர்க்கரை போட்ட இனிப்பு. இங்கே அது முழுச் சாப்பாடு. சொதியை ஊற்றிக் குழைத்துச் சாப்பிட வேண்டும் என்று தெரியாமல் நான் வெறும் புட்டை விழுங்க, அன்ரி என் தட்டைத் தன் பக்கம் இழுத்து, தானே ஊற்றித் தந்தார். "காஞ்சு போய்ச் சாப்பிட்டால் தொண்டைக்குள்ள நிக்கும்" என்றார். அந்த நாட்டின் ஜூன் மாதக் குளிருக்கு அந்தச் சொதியின் சூடு நன்றாக இருந்தது. ஆனாலும் பாதி மனது நாற்காலியின் மேல் வைத்த பெட்டியிலேயே இருந்தது. அங்கிள் தும்மும்போதெல்லாம் திரும்பிப் பார்த்தேன்.

மறுநாள் ஸ்பிரிங்வேலுக்குப் போனேன். சங்கத்தின் தண்டவாளத்துக்கு நான் போட்டிருந்த பிளாஸ்டிக் சக்கரங்கள் ஆகாது, மெல்லிய உலோகச் சக்கரம் வேண்டும் என்று ஹெலன் சொல்லியிருந்தார். அப்படிப்பட்டவற்றைத் தன் வீட்டிலிருந்தே விற்கும் ஒருவர் அந்தப் பக்கம் இருந்தார். இரண்டே நிலையம்தான். ஆனால் தண்டவாளத்தில் வேலை நடப்பதால் ரயில் இல்லை, பதிலுக்குப் பேருந்து என்று ஆரஞ்சுச் சட்டைக்காரர் ஒருவர் கையைக் காட்டினார். அந்தப் பேருந்து, நான் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டது. யாரும் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. எங்கள் ஊரில் கண்டக்டர் ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் தொண்டை கிழியக் கத்துவார். அந்தச் சத்தம் எவ்வளவு பெரிய வசதி என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

திரும்பி நடந்து, சக்கரக்காரரைப் பார்த்துவிட்டு, வியட்நாமியக் கடையில் ரொட்டி வாங்கினேன். நீளமான மொறுமொறு ரொட்டிக்குள் முட்டை, ஊறுகாய் போட்ட காரட், கொத்தமல்லித் தழை, பச்சை மிளகாய். காரம் போதுமா என்று கடைக்காரப் பெண் சைகையில் கேட்டாள். இன்னும் என்று நானும் சைகை காட்டினேன். அவள் ஒரு பிடி மிளகாயை வைத்துவிட்டு நான் கடிப்பதைப் பார்க்கக் காத்திருந்தாள். கடித்தேன். கண்ணில் நீர் வந்தது. அவள் சிரித்தாள், வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள். சக்கரங்கள் சிறு நெகிழிப் பையில் என் சட்டைப் பைக்குள் இருந்தன. அவ்வப்போது தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

பிற்பகலில், சாப்பாட்டு மேசை மேல் பழைய துண்டை விரித்து, ஐந்து வேகன்களையும் வரிசையாக வைத்துச் சக்கரங்களை மாற்றினேன். நான் செய்திருந்த காட்சி இதுதான்: சாய்தளத்திலிருந்து தள்ளி இருக்கும் மூன்று வேகன்களில் டிரெய்லர்கள் ஏறிக் கட்டப்பட்டுவிட்டன. நான்காவது டிரெய்லரை ஒரு லாரி இப்போதுதான் இழுத்துக்கொண்டு வேகன்களின் மேல் போகிறது. ஐந்தாவது, கீழே தரையில் முறைக்காகக் காத்திருக்கிறது. வேகன்களின் கைபிரேக் சக்கரங்களை எல்லாம் படுக்க வைத்திருந்தேன். நிமிர்ந்து நின்றால் மேலே போகும் டிரெய்லர் இடிக்கும். பல மாதிரிகளில் இதைத் தவற விடுவார்கள். நான் விடவில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வமே இருந்தது.

வெளியே அன்ரியின் குரல் கேட்டது. அங்கிள் பழைய மெத்தையையும் உடைந்த அலமாரியையும் குப்பைக் கிடங்குக்குக் கொண்டுபோவதற்காகப் பக்கத்து வீட்டுக்காரரின் சிறிய இழுவைப் பெட்டியை வாங்கிக் காரின் பின்னால் மாட்டியிருந்தார். அதைப் பின்பக்கமாகத் தள்ளிக்கொண்டு வீட்டுச் சந்துக்குள் நுழைய வேண்டும். கார் இடது பக்கம் திரும்பினால் பெட்டி வலது பக்கம் போனது. ரோசாச் செடி ஒன்று அதற்குள் சாய்ந்துவிட்டது.

"ஐயோ, ரோசா! ரோசாவைப் பாருங்கோ! கண் தெரியேல்லையே?"

"நீர் சும்மா இரும். கத்தக் கத்தத்தான் கோணலாப் போகுது."

"நான் கத்தாமல் இருந்தாப்போல நேராப் போகுமோ? ஏன் இப்பிடிப் பின்னுக்கு பின்னுக்கு மல்லுக்கட்டுறியள்? முன்பக்கத்தாலயே நேர உள்ள கொண்டு போங்கோவன்!"

அங்கிள் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினார். "முன்பக்கத்தால போனால் பெட்டி சந்தை அடைச்சுக்கொண்டு நிக்கும். பிறகு கார் எப்பிடி வெளியில வாறது? நான் உள்ளுக்கையே குடியிருக்கிறதோ?"

நான் சன்னலில் நின்று சிரித்துக்கொண்டிருந்தேன். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

மேசையைத் திரும்பிப் பார்த்தேன். என் லாரி, சாய்தளத்தில் ஏறி, டிரெய்லரைப் பின்னால் இழுத்துக்கொண்டு, முன்பக்கமாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அதற்கு எதிரே ஏற்கெனவே கட்டப்பட்ட டிரெய்லர். லாரிக்குப் பின்னால் அது இழுத்து வந்த டிரெய்லர். இறங்கிப் போக இடமே கிடையாது. வேகன் லாரியைவிட அகலமும் கிடையாது. முதல் டிரெய்லரை ஏற்றியபோதே அந்த லாரி கடைசி வேகனில் மாட்டிக்கொண்டிருக்கும். ஐந்து வேகன்களும் துல்லியம். நடப்பதற்கு வாய்ப்பே இல்லாத ஒன்றைத் துல்லியமாகச் செய்திருக்கிறேன்.

ஏன் இப்படிச் செய்தேன் என்பதும் உடனே புரிந்தது. நம் நாட்டின் மேற்குக் கரையோரத்தில் லாரிகளை ரயிலில் ஏற்றிப் போகும் வழக்கம் உண்டு. பள்ளி விடுமுறையில் அப்பா ஒருமுறை என்னையும் அழைத்துப் போயிருக்கிறார். முழு லாரியாக, டிரைவரும் கிளீனரும் உள்ளேயே இருக்க, ஒரு முனையில் முன்பக்கமாக ஏறி, மறுமுனையில் முன்பக்கமாகவே இறங்கிவிடுவோம். சுரங்கத்துக்குள் லாரி கேபினில் உட்கார்ந்துகொண்டு நான் போட்ட கூச்சல் இன்னும் நினைவிருக்கிறது. ரயில் மேல் லாரி என்றால் என் மனதில் அது முன்னால் பார்த்துக்கொண்டுதான் நிற்கும். பழைய அமெரிக்கப் புகைப்படங்களில் டிரெய்லர்கள் எல்லாம் ஒரே பக்கம் முகத்தை, அதாவது லாரி மாட்டும் முனையை, காட்டி நிற்கும். சாய்தளம் எந்தப் பக்கம் இருந்தது என்பது படத்தில் தெரியாது. தெரியாத இடத்தை என் லாரியை வைத்து நிரப்பிவிட்டேன். அங்கே டிரெய்லரைப் பின்பக்கமாகத் தள்ளி ஏற்ற வேண்டும்; லாரி கழன்றுகொண்டு வந்த வழியே திரும்பும். ஆகவே ஏறி நிற்கும் ஒவ்வொரு டிரெய்லரின் முகமும் சாய்தளத்தைப் பார்த்திருக்க வேண்டும். என்னுடையவை ஒவ்வொன்றும் முதுகைக் காட்டி நின்றன.

அன்று மாலை முழுவதும் எனக்குள் ஒரே வழக்கு. படங்களை ஹெலன் பார்த்துவிட்டார். சங்கமே பார்த்துச் சரி என்றிருக்கிறது. இப்படியே கொண்டுவா என்பது அவர்கள் வார்த்தை. நான் பேசாமல் கொண்டுபோனால் யாருக்கும் தெரியாது. மாற்றிக்கொண்டு போனால், நான் தப்பாகச் செய்ததோடு அவர்கள் தப்பாகப் பார்த்ததையும் சொல்லியாக வேண்டும். முதல் சந்திப்பிலேயே அதைச் சொன்னால் அவர்கள் இங்கிலாந்துக்காரரைத் தேடிப் போய்விடலாம். சங்ககிரியில் வேறு ஆள் உட்கார்ந்திருக்கும் என் கம்ப்யூட்டரும் நினைவுக்கு வந்துபோனது.

இரவுச் சாப்பாட்டில் அன்ரி கேட்டார், "ஏன் பிள்ளை முகம் வாடிப் போச்சு? சொதி உறைப்போ?"

"இல்லீங்க அன்ரி. ரயில்ல ஒரு தப்பு வந்துருச்சுங்க."

"ஓடாதோ?"

"ஓடுமுங்க. டிரெய்லர் எல்லாம் திரும்பி நிக்குது."

"அப்ப திருப்பி வையுமன்" என்றார், அப்பளத்தைப் பொரித்துக்கொண்டே.

அப்படிச் சொல்லிவிடலாம். மறுநாள் அதைத்தான் செய்தேன், நாள் முழுக்க. கட்டி முடித்த மூன்று வேகன்களும் சுலபம். டிரெய்லரைத் தொடாமல் வேகனையே முன்பின்னாகத் திருப்பி வைத்துவிடலாம். சங்கிலி பிழைத்தது. நான்காவதுதான் உயிரை எடுத்தது. லாரியையும் டிரெய்லரையும் வேகனோடு பசை போட்டு ஒட்டியிருந்தேன். சவரத் தகட்டை அடியில் விட்டு மில்லிமீட்டர் மில்லிமீட்டராக அறுத்தேன். லாரியின் ஒரு சக்கரம் தனியாக வந்து, மேசையிலிருந்து விழுந்து, சமையலறைப் பக்கம் உருண்டது. அங்கிள் தரையில் முழந்தாளிட்டு டார்ச் அடித்துத் தேடி, அரிசி வாளிக்குப் பின்னால் இருந்து எடுத்துத் தந்தார். "நீர் ஏன் பிள்ளை இவ்வளவு சின்னனாச் செய்யிறீர்? கொஞ்சம் பெரிசாச் செய்யலாந்தானே" என்றார்.

லாரிக்குள் ஓட்டுநர் ஒருவன் மிச்சம் இருந்தான். நேராகப் பார்த்துக்கொண்டிருந்தவனை இடுப்பில் அறுத்து, கதவைத் திறந்து, வெளியே சாய்ந்து பின்னால் பார்க்க வைத்தேன். பழைய படமொன்றில் லாரியின் கதவு அப்படித் திறந்திருப்பதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன்; ஏன் திறந்திருக்கிறது என்று மட்டும் ஒருபோதும் யோசித்ததில்லை. டிரெய்லருக்குப் பின்னால் கையை ஆட்டி, "வரலாம், வரலாம்" என்று கத்தும் ஒரு கிளீனரை நிறுத்தவும் ஆசையாக இருந்தது. எங்கள் ஊரில் கிளீனர் இல்லாமல் ஒரு லாரி பின்னால் வராது. ஆனால் எந்தப் படத்திலும் அப்படி ஒருவன் இல்லை. வைக்கவில்லை. என் ஊரை ஒருமுறை கொண்டுபோய் வைத்துப் பட்டது போதும்.

சிட்னி ரயிலில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டேன். மஞ்சள் புல்வெளிகள், மாடுகள், யாருமே இல்லாத நிலையங்கள். மணிக்கணக்காக ஓடியும் ஒருவர் கூட முறுக்கோ டீயோ விற்றுக்கொண்டு வரவில்லை. பாதி வழியில் ரயிலை நிறுத்தி, மீதி தூரம் பேருந்து என்றார்கள். இங்கேயும் தண்டவாள வேலை. பேருந்து ஓட்டுநர் பெரிய மீசைக்காரர். எல்லாப் பெட்டிகளும் அடியில்தான் போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டே என் பெட்டிக்குக் கையை நீட்டினார். முடியாது என்றேன். என் குரல் எனக்கே கெஞ்சலாகக் கேட்டது.

"உள்ளே என்ன, கண்ணு?"

"ரயில்."

அவர் பக்கத்தில் நின்ற ரயிலைப் பார்த்தார், பிறகு என்னை. "அதுதான் நின்றுபோச்சே" என்றார்.

எனக்குப் பின்னால் நின்ற ஒரு நடுவயது அம்மாளிடமும் ஒரு பெட்டி இருந்தது; அவரும் தர மறுத்தார். மகளுக்கு நாளைக்கு நிச்சயதார்த்தம், இது மூன்று அடுக்கு கேக், அடியில் போட்டால் ஒரே அடுக்காகிவிடும் என்று அவர் உரக்க வாதாடினார். கேக்குக்கு இடம் கொடுத்தால் ரயிலுக்கும் கொடுக்கத்தான் வேண்டும் என்று வரிசையில் யாரோ சொன்னார்கள். ஓட்டுநர் கையை விரித்தார். நானும் அந்த அம்மாளும் ஒன்றாக உட்கார்ந்தோம். ஒவ்வொரு வளைவிலும் இருவரும் ஒரே பக்கம் பெட்டியைச் சாய்த்துப் பிடித்தோம். இறங்கும்போது அவர் என் மூடியைத் தட்டி, "உன்னுடையதும் நிற்கட்டும்" என்றார்.

சிட்னியில், ஹரிஸ் பார்க் என்ற பகுதியில் அறை. சன்னலுக்குக் கீழே இனிப்புக் கடை, நெய் வாசம், தெரு முழுக்க இந்திக் குரல்கள். தோசை ஒன்று சாப்பிட்டேன். சாம்பாரில் சர்க்கரை போட்டிருந்தார்கள். வயிறு நிறைந்தது, நிம்மதி வரவில்லை. அறையில் பெட்டியைத் திறந்து பார்த்தேன். ஒரு தகடு மட்டும் கழன்றிருந்தது. ஒட்டினேன். படுத்தேன், எழுந்தேன், எந்தப் பக்கம் முகம் என்று மறுபடி பார்த்தேன்.

மறுநாள் சங்கத்தின் கூடத்தில் ஹெலன் வாசலுக்கே வந்து கையைப் பிடித்துக்கொண்டார். அறுபது வயதிருக்கும், ஓயாமல் பேசுபவர். சரக்கு முற்றத்துக்குப் பொறுப்பான பீட்டர் அதிகம் பேசவில்லை. மூக்குக் கண்ணாடிக்கு மேல் இன்னொரு பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு நான் எடுத்து வைப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து வேகன்களையும் அவர்களுடைய தண்டவாளத்தில், அவர்களுடைய சாய்தளத்துக்கு எதிரே வைத்தேன். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"இது நாங்கள் ஒப்புக்கொண்டது இல்லையே" என்றார் பீட்டர். கைபேசியில் என் பழைய படத்தை எடுத்து வைத்துக்கொண்டார். "எல்லாம் திரும்பி நிற்கிறது."

"ஆமாம். படத்தில் இருந்தது தப்பு."

"எங்களுக்கு அது பிடித்திருந்தது."

"எனக்கும் பிடித்திருந்தது" என்றேன். விமானத்திலிருந்தே மனப்பாடம் செய்திருந்த ஆங்கிலமெல்லாம் அந்த நேரத்தில் காணாமல் போனது. ஆகவே கையை நீட்டினேன். பக்கத்தில் அவர்களுடைய லாரி ஒன்று இருந்தது. என் வேகன்களைத் தள்ளி வைத்துவிட்டு, அவர்களுடைய காலி வேகன்கள் மூன்றைச் சாய்தளத்தோடு சேர்த்து, அந்த லாரியையும் தரையில் காத்திருந்த என் ஐந்தாவது டிரெய்லரையும் மாட்டி அவர் கையில் கொடுத்தேன். "நீங்களே ஏற்றுங்கள். முன்பக்கமாக."

அவர் விரலால் தள்ளினார். சாய்தளம், முதல் வேகன், தகடு, அடுத்த வேகன், கடைசி வேகன். லாரியின் மூக்கு வேகனின் விளிம்பில் நின்றது.

"இப்போது லாரியை மட்டும் வீட்டுக்கு அனுப்புங்கள்."

பீட்டர் லாரியைக் கழற்றினார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். தூக்கி எடுக்கப் போன கை பாதியில் நின்றது. கூடத்தில் வேறு வேலையாக இருந்த ஒருவர் எட்டிப் பார்த்து, "அவன் பெண்டாட்டிக்குத் தந்தி அடிக்க வேண்டியதுதான், சாப்பாட்டுக்கு வரமாட்டான் என்று" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பீட்டர் சிரிக்கவில்லை.

ஹெலனும் சிரிப்பைச் சட்டென்று நிறுத்தினார். அவர் பார்வை முற்றத்தின் மறுபக்கம் போயிருந்தது. அங்கே அவர்கள் ஏற்கெனவே செய்து வைத்த டிரெய்லர் வேகன்கள் ஒரு முழு வரிசை நின்றது. ஒரு டிரெய்லர் இந்தப் பக்கம் பார்த்தது, அடுத்தது அந்தப் பக்கம். பார்க்க அழகாக இருக்கட்டும் என்று மாற்றி மாற்றி வைத்திருக்கிறார்கள். பீட்டர் செய்தவை. நான் வந்தவுடனேயே அதைப் பார்த்துவிட்டேன். பார்க்காதது போல நின்றிருந்தேன்.

"அப்படியானால் அவையும்?" என்று ஹெலன் என்னிடம் கேட்டார்.

இதற்குத்தான் பயந்திருந்தேன். பீட்டர் தன் வரிசையைப் பார்த்தபடி நின்றார். பூதக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டிருந்தார். அது இல்லாமல் அவர் முகம் களைத்துத் தெரிந்தது.

"ஒரே சாய்தளத்திலிருந்து ஏற்றியிருந்தால், அவையும்தான்" என்றேன். இன்னும் மென்மையாகச் சொல்ல எனக்குத் தமிழில் தெரியும். ஆங்கிலத்தில் அவ்வளவுதான் வந்தது.

ஹெலன் என்னை ஒரு கோப்பைத் தேநீரோடு வெளியே உட்கார வைத்தார். உள்ளே பேசிக்கொண்டார்கள். வார்த்தைகள் புரியவில்லை, பீட்டரின் குரல் மட்டும் ஏறி இறங்கியது. தேநீரில் இஞ்சியும் இல்லை, சர்க்கரையும் இல்லை, முழுவதையும் குடித்துவிட்டேன். அப்பாவுக்குப் போன் செய்யலாமா என்று நினைத்து, எடுத்து, வைத்துவிட்டேன். என்ன சொல்வது?

ஹெலன் வெளியே வந்தபோது முகத்தில் சிரிப்பு இருந்தது, பதில் இல்லை. குழுவில் எல்லோரும் கூடித்தான் முடிவு செய்ய வேண்டும், இங்கிலாந்திலிருந்து வந்த மாதிரியும் நன்றாகவே இருக்கிறது, அடுத்த வாரம் எழுதுகிறோம் என்றார். ஒருவரோடு வேலை செய்வது வேறு, அவர் வேலையைப் பாராட்டுவது வேறு என்று பீட்டர் நினைப்பதாகவும் சொன்னார். அதை ஹெலன் நல்ல மனதோடுதான் சொன்னார். அடுத்த வாரம் நான் சங்ககிரியில் இருப்பேன். வேகன்களையும், ஏறி நிற்கும் நான்கு டிரெய்லர்களையும் அங்கேயே விட்டுவிட்டு, தரையில் காத்திருந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கிளம்பும் முன் அவர்களுடைய சாய்தளத்தை அளந்துகொள்ளலாமா என்று கேட்டேன். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. என்னிடம் இருந்தது சிறிய அளவுகோல். ஒரு முனையைப் பிடித்தால் மறுமுனை நழுவியது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்த பீட்டர் வந்து மறுமுனையை விரலால் அழுத்திப் பிடித்தார். "சரிவு கொஞ்சம் அதிகம் என்று எனக்கே சந்தேகம்" என்றார் தரையைப் பார்த்துக்கொண்டு. அதிகம்தான். அளவைக் குறித்துக்கொண்டேன்.

இதை ஹரிஸ் பார்க் அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். பதில் என்னவாக வரும் என்று எனக்குத் தெரியாது. தொண்டையில் புட்டு நிற்பது போலத்தான் இருக்கிறது. காலையில் கீழே போய் அரைக் கிலோ ஜாங்கிரி வாங்கினேன், அட்டைப் பெட்டி பெரிதாக இருக்கட்டும் என்று கேட்டு. ஜாங்கிரியைத் தட்டில் கொட்டிவிட்டு அட்டையை வெட்டினேன். பீட்டருடையதைவிடச் சரிவு குறைந்த சாய்தளம் ஒன்று இப்போது மேசை மேல் நிற்கிறது. அதன் அடியில் ஐந்தாவது டிரெய்லரை, பின்பக்கமாக ஏறத் தயாராக, முதுகு சாய்தளத்தைத் தொடும்படி நிறுத்திவிட்டேன்.